மைதா பசையும் ஸ்டிக்கரும்: தெருச்சுவரில் தாள் ஓவியம் ஒட்ட ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்குச் சுவரில் தாள் ஒட்டும் வேலையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சைக்கிளில் பசை வாளியையும் மடித்த போஸ்டர் கட்டையும் ஏற்றிக்கொண்டு விடியலுக்கு முன் கிளம்புகிறவர்கள் கையாளும் அதே மாவும் தண்ணீரும் மெல்லிய தாளும் அகலமான பிரஷும்தான் உலக நகரங்களில் தெருக்கலை என்ற பெயரில் இயங்குகிறவர்களின் கருவிகளும். 1968 மே மாதக் கிளர்ச்சியின்போது பாரிஸ் நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் பட்டறை அமைத்து ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சிட்ட சுவரொட்டிகள், 1989-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஓவிய மாணவராக இருந்த ஷெப்பர்ட் ஃபேரி ஒரு மல்யுத்த வீரரின் முகத்தை வைத்துச் செய்த ஸ்டிக்கர், நியூயார்க் சுவர்களில் ஸ்வூன் என்ற ஓவியர் ஒட்டிய ஆளுயரத் தாள் உருவங்கள், பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர் பல நாடுகளில் ஒட்டிய பெரிய கறுப்பு வெள்ளை முகங்கள் ஆகிய எல்லாமே இந்த எளிய பொருள்களிலிருந்து வந்தவைதான்.

நம்மிடம் தொழில்நுட்பம் பழையது. விளம்பரமோ வாழ்த்தோ இரங்கலோ இல்லாமல், ஓவியத்தை ஓவியமாகவே தாளில் ஏற்றிச் சுவருக்குக் கொண்டுபோகும் பழக்கம்தான் குறைவு. அதைத் தொடங்க விரும்புகிறவர்களுக்காக, நம் வெயிலையும் மழையையும் சுவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. இதில் சொல்லப்படுவன எல்லாம் உரிமையாளரின் சம்மதம் பெற்ற சுவருக்கே பொருந்தும்.

எத்தனை நாள் நிற்க வேண்டும்?

படத்தை வரைவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது, அது சுவரில் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதையே. தாளின் கனம், மை, பசையின் வலு, சுவரைத் தேர்வது, கடைசியில் கழற்றுவது என ஒவ்வொன்றும் இந்த ஒரு விடையைப் பின்பற்றியே அமையும். பெரும்பாலானவர்கள் இதை எண்ணிப்பார்க்காமல், கிடைத்த பசையில் மிக வலுவானதைத் தேடிப் போகிறார்கள். இரண்டு நாள் கண்காட்சிக்கு ஒட்டிய தாளை இரண்டு ஆண்டுகள் சுரண்ட முடியாமல் சுவரின் சொந்தக்காரர் அவதிப்படுவது அப்படித்தான் நேர்கிறது.

ஒரு விழாவுக்கோ தெருமுனைக் கண்காட்சிக்கோ சில நாட்கள் போதும் என்றால் 60 அல்லது 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளும் வெறும் மைதா பசையும் போதுமானவை. சில மாதங்கள் நிற்க வேண்டுமானால் ஜனவரி முதல் மார்ச் வரை ஒட்டுவது நல்லது; அப்படி ஒட்டினால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன் சில மாதங்கள் கிடைக்கும். ஓராண்டுக்கு மேல் நிலைத்திருக்க வேண்டும் என்றால் தாளை விட்டுவிட்டுப் பெயிண்ட் வாங்குவதே அறிவுடைமை. சென்னைக் கண்ணகி நகரில் 2020-இல் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் வரையப்பட்ட பெரிய ஓவியங்கள் போன்றவை பெயிண்டுக்கு உரிய வேலை. தாளுக்கு உரிய அழகு, அது நிறம் வெளுத்தும் ஓரம் கிழிந்தும் சுவரோடு சேர்ந்து முதுமை அடைவதில் இருக்கிறது.

நிறம் வெளுப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. வழக்கமான அச்சு மைகளில் மஞ்சளும் மஜெந்தாவும் வெயிலுக்கு முதலில் தோற்றுப்போகும். நீலமும் கறுப்பும் நெடுநாள் நிற்கும். பழைய சினிமா போஸ்டர்களில் நாயகனும் நாயகியும் நீலம் பாரித்துக் காணப்படுவதற்கு இதுவே காரணம். ஆகவே சில மாதங்கள் நிற்க வேண்டிய ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையிலோ, வெளுத்தாலும் உருவம் குலையாதபடி கறுப்புக் கோட்டை நம்பியோ அமைப்பது பாதுகாப்பானது.

சுவரும் சம்மதமும்

பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. வேறு சில மாநிலங்களிலும் இதையொத்த சட்டங்கள் உண்டு. அரசுக் கட்டடம், பாலம், ரயில் நிலையம், பேருந்து நிழற்குடை ஆகியவற்றில் உரிய துறையின் அனுமதி இல்லாமல் ஒட்டக் கூடாது. தனியார் சுவரானால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். பிரான்சில் பல சுவர்களில் ‘சுவரொட்டி ஒட்டத் தடை, 1881 ஜூலை 29 சட்டம்’ என்று இன்றும் எழுதப்பட்டிருக்கும். நம் ஊரில் அதே வேலையை ‘விளம்பரம் செய்யாதீர்’ என்ற வரி செய்கிறது. அந்த வரி எழுதியிருக்கும் சுவரின் உரிமையாளரிடம் அனுமதி கேட்பதில் தவறில்லை. விளம்பரத்தை வெறுப்பவர் ஓவியத்தை விரும்பக்கூடும்.

அனுமதியை எழுத்தில் பெறுங்கள். முகவரி, சுவரின் எந்தப் பகுதி, ஓவியத்தின் அகல உயரம், ஒட்டும் நாள், கழற்றும் நாள், கழற்றிச் சுத்தம் செய்து தரும் பொறுப்பு யாருடையது ஆகியவற்றை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, ஓவியத்தின் சிறு பிரதியையும் இணைத்து, உரிமையாளரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒட்டும் நாளில் அக்கடிதத்தின் நகல் சட்டைப்பையில் இருக்க வேண்டும். ரோந்து வரும் காவலர் கேட்டால் அலைபேசியில் யாரையோ அழைத்துப் பேசவைப்பதைவிடக் காகிதத்தை நீட்டுவது விரைவாக முடியும். வாடகைக் கட்டடமானால் குடியிருப்பவரின் சம்மதம் மட்டும் போதாது. பள்ளி, கல்லூரி, நூலகம், உணவகம், இருசக்கர வாகனப் பட்டறை ஆகியவற்றின் சுற்றுச்சுவர்கள் தொடக்கத்துக்கு ஏற்றவை, ஏனெனில் அங்கே பேசுவதற்குப் பொறுப்பான ஒருவர் இருப்பார்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல், முன்பதிவு. கட்சிகள் தங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒரு சுவரைத் தங்களுக்கென்று ஒதுக்கிவைத்திருக்கும். உரிமையாளர் சம்மதித்தாலும், அப்பெயரை மறைத்து ஒட்டுவது வீண் சண்டையை இழுக்கும்; அந்தச் சுவரை விட்டு அடுத்த சுவரைப் பார்ப்பதே நல்லது. தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் வாரங்களில் அதிகாரிகள் சுவர்களைச் சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள், அதனால் அப்போது புதிய வேலையைத் தொடங்காதீர்கள். ஓவியத்தில் வேட்பாளரையோ தேர்தலையோ பற்றி ஏதேனும் இருந்தால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி அச்சகத்தின் பெயரும் முகவரியும் வெளியிடுகிறவரின் பெயரும் முகவரியும் தாளில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும் சில இடங்களைத் தவிர்க்க வேண்டும். கோயிலின் கருங்கல் மதில், செங்கல் தெரியும் பழைய கட்டடங்கள், சுண்ணாம்புப் பூச்சு கொண்ட நூற்றாண்டு வீடுகள் ஆகியவற்றில் மாவுப் பசை ஊறி இறங்கிப் பூஞ்சணத்துக்கு உணவாகும். மின்பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர், சாலைக் குறியீட்டுப் பலகை, மரம் ஆகியவற்றின் அருகே தாளைக் கொண்டுபோகவே கூடாது. ஒட்டி ஓரிரு நாளே ஆன கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். சட்டம் தடுக்காவிட்டாலும் தெரு அதை மன்னிக்காது.

சுவரின் தன்மையைக் கையால் தடவியே அறியலாம். உள்ளங்கையில் வெண்பொடி ஒட்டினால் அது வெள்ளையடித்த அல்லது மலிவான டிஸ்டெம்பர் அடித்த சுவர். தாள் அந்தப் பொடியோடுதான் ஒட்டும், உலர்ந்ததும் பாளமாக விழுந்துவிடும். வெளிப்புற எமல்ஷன் அடித்த சமமான சுவரே மிகச் சிறந்தது. பூசிய சிமெண்ட் சுவர் பசையை உறிஞ்சுமாதலால் முதலில் நீர்த்த பசையை ஒரு கை பூசி உலரவிட வேண்டும். கீழ்ப்பகுதியில் ஈரம் ஏறிய கறையும் உப்புப் பூத்த தடமும் தெரிந்தால் அந்த உயரத்துக்கு மேலேதான் ஓவியம் தொடங்க வேண்டும்.

படமும் எழுத்தும்

தெருவில் நிற்பவர் ஓவியத்துக்குச் சில நொடிகளே தருவார். இருசக்கர வாகனத்தில் போகிறவர் அதையும் தரமாட்டார். ஆகவே ஒரே உருவம், தடித்த கோடு, குறைந்த சொற்கள் என்று அமைப்பது பயன் தரும். எழுத்து இருந்தால், 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்ற கணக்கைத் தோராயமாகக் கொள்ளலாம். 40 அடிச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்க வேண்டிய வரி குறைந்தது 4 அங்குலம் இருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் கூடுதல் கவனம் தேவை: புள்ளியும் சுழியும் கொம்பும் மெலிந்துபோனால் சொல்லே மாறிவிடும். லினோ (செதுக்கி மை தடவி அச்சிடும் மென்தகடு) அல்லது ஸ்டென்சில் (வடிவத்தைத் துளையாக வெட்டிய தாள்) வெட்டும்போது புள்ளியைச் சற்றுப் பெரிதாகவே விடுங்கள். லினோவில் எழுத்து இடம் வலமாகத் திருப்பி வெட்டப்பட வேண்டும் என்பதை மறந்துவிட்டுக் கண்ணாடியில் மட்டும் படிக்கக்கூடிய கவிதைகளை அச்சிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள்.

கணினியில் செய்த கோப்பை அச்சகத்துக்கு அனுப்புகிறவர்கள் எல்லா எழுத்துகளையும் கோட்டுருவாக மாற்றியோ, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆகவோ கொடுக்க வேண்டும். பல அச்சகங்கள் இன்னும் பழைய மென்பொருள்களையும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களையும் வைத்திருப்பதால், திறந்த கோப்பாக அனுப்பினால் ‘கொ’ மூன்று துண்டாகப் பிரிந்து வரும்.

மற்றவர் எடுத்த புகைப்படத்தை ஓவியத்துக்கு அடிப்படையாகக் கொள்ளும்போது எடுத்தவரின் அனுமதி வேண்டும். ஷெப்பர்ட் ஃபேரி 2008-இல் வெளியிட்ட, பராக் ஒபாமாவின் முகம் கொண்ட ‘ஹோப்’ சுவரொட்டி அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் புகைப்படத்தை அடியொற்றியது. அதைத் தொடர்ந்த வழக்கு 2011-இல் சமரசத்தில் முடிந்தது, ஆனால் வழக்கின்போது ஆவணங்களைத் திரித்ததற்காக 2012-இல் அவருக்கு 25,000 டாலர் அபராதமும் இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. தெருவிலுள்ள பூக்காரம்மாவையோ இஸ்திரி போடுகிறவரையோ வரைய விரும்பினால் நீங்களே படம் எடுங்கள். எடுக்கும்போதே, அது எந்தச் சுவரில் எவ்வளவு பெரிதாக வரப்போகிறது என்பதை அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். தன் முகத்தை 8 அடி உயரத்தில் பார்க்க எல்லோருக்கும் விருப்பம் இருக்காது.

தாளும் அச்சும்

பூச்சு இல்லாத, நீரை உறிஞ்சும் தாளே பசைக்கு ஏற்றது. அச்சகங்களில் மேப்லித்தோ என்று கேட்டால் கிடைக்கும் தாளில் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் எடுக்கலாம். பளபளக்கும் ஆர்ட் பேப்பரில் பசை சீராக இறங்காது, மடிப்பும் கொப்புளமும் மிகுதியாக வரும். 100 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட தாள் விறைப்பாக நின்று சுவரின் மேடு பள்ளங்களில் படியாது. சென்னையில் பாரிமுனையை ஒட்டிய ஆண்டர்சன் தெருவில் தாள் சில்லறையாகவும் கிடைக்கும். மற்ற ஊர்களில் அச்சகத்தில் மிஞ்சும் வெட்டுத் தாளைக் கேட்டு வாங்கலாம்.

ஒரே ஒரு பிரதிதான் வேண்டும் என்றால் தாளில் நேரடியாக அக்ரிலிக் வண்ணத்தாலோ இந்தியன் இங்க்காலோ வரைந்துவிடலாம், இரண்டும் உலர்ந்தபின் நீரில் கரையா. பெரிய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மலிவான வழி, கட்டட வரைபடம் அச்சிடும் கடைகள்; அங்கே 841 × 1189 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ0 தாள்வரை ஒரே துண்டாக எடுக்கலாம். அது இல்லாத ஊரில் ஜெராக்ஸ் கடையே போதும்: ஏ3 தாள்கள் 16-ஐ நான்குக்கு நான்காக அடுக்கினால், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரம் போக, ஏறத்தாழ 3¾ அடி அகலமும் 5⅓ அடி உயரமும் கிடைக்கும். ஒவ்வொரு தாளுக்கும் ஒன்றரைச் சென்டிமீட்டர் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கோப்பைப் பிரித்து, பின்பக்கத்தில் வரிசை எண்ணையும் தாள் எண்ணையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜெராக்ஸ், லேசர், ஆஃப்செட், ஸ்கிரீன் பிரிண்டிங் ஆகியவற்றின் மை நீரில் கரையாது. வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியின் சாய மை, பசை பட்டவுடன் கசிந்து கன்னத்தில் கண்மை வழிந்ததுபோல் ஆகிவிடும். எந்தக் கடை அச்சானாலும் ஒரு துண்டை வெட்டி, ஈர விரலால் தேய்த்துப் பார்த்த பிறகே முழு அச்சுக்குப் பணம் கொடுங்கள்.

உருவத்தை ஓரத்தோடு கத்தரித்து ஒட்டினால் சுவரே பின்னணியாக மாறிவிடும். ஸ்வூனின் படைப்புகளின் வசீகரம் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. கத்தரிக்கும்போது விரல், முடிக்கற்றை போன்ற மெல்லிய பகுதிகளைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் வெள்ளையை விட வேண்டும், ஏனெனில் ஈரத் தாளுக்கு வலு இல்லை. உட்பக்க மூலைகளைக் கூராக வெட்டாமல் வளைவாக வெட்டினால் கிழிசல் அங்கிருந்து தொடங்காது.

பசை காய்ச்சுதல்

ஒரு கப் மைதாவுக்கு மொத்தம் ஐந்து கப் தண்ணீர். முதலில் ஒரு கப் குளிர்ந்த நீரில் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். நேராக வெந்நீரில் கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே பச்சை மாவு தங்கிய உருண்டைகள் உண்டாகும். மீதி நான்கு கப் நீரைக் கொதிக்கவைத்து, தீயைத் தணித்து, கரைசலை மெல்லிய ஒழுக்காக ஊற்றியபடியே கிண்டிக்கொண்டிருக்க வேண்டும். கோதுமை மாவிலுள்ள ஸ்டார்ச் மணிகள் சுமார் 60 டிகிரி செல்சியஸைக் கடந்ததும் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். அதனால்தான் கலவை திடீரென்று இறுகுகிறது. அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடாமல் இன்னும் ஐந்து நிமிடம் அடிபிடிக்காமல் கிண்டினால் வெண்மை குறைந்து, மங்கிய கண்ணாடி நிறம் வரும். அதுவே வெந்ததற்கு அடையாளம். ஆறும்போது மேலும் இறுகும் என்பதால் சூட்டிலேயே தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக இறக்கி, பழைய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

மரவள்ளி மாவிலும் இதே முறையில் காய்ச்சலாம். சேலம் பக்கம் அது எளிதில் கிடைக்கும், பசையும் இன்னும் தெளிவாக வரும். நம் வெப்பத்தில் எந்தப் பசையும் மறுநாள் புளித்து, அதற்கடுத்த நாள் நாறும். ஒட்டும் நாளன்றே காய்ச்சுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் சில நாட்கள் தாங்கும்.

பசையில் எதைச் சேர்க்கலாம் என்பதைவிட எதைச் சேர்க்கக் கூடாது என்பதே முக்கியம். பூச்சி அரிக்காமல் இருக்க மைதா பசையில் மயில்துத்தம் கலப்பது புத்தகம் பைண்டு செய்கிறவர்களின் பழைய வழக்கம். தெருச்சுவரில் அது வேண்டாம். மயில்துத்தம் என்பது நச்சுத்தன்மை கொண்ட தாமிர உப்பு, நம் தெரு மாடுகளோ மாவு மணத்துக்குப் போஸ்டரைக் கிழித்துத் தின்பவை. பழகிய மாடுகள் உலாவும் தெருவானால் ஓவியத்தின் அடிவிளிம்பை ஆறடிக்கு மேலே வைப்பதே சிறந்த பாதுகாப்பு. மேலைநாட்டுக் குறிப்புகள் சில சர்க்கரை சேர்க்கச் சொல்கின்றன. இங்கே சேர்த்தால் எறும்புதான் வரும். கழற்ற வருகிறவரைத் தடுக்கக் கண்ணாடித் தூளைக் கலப்பதாகவும் சிலர் எழுதுகிறார்கள். அது துப்புரவுப் பணியாளரின் கையைக் கிழிக்கும் கொடுமை, கலையோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

சில மாதங்கள் நிற்க வேண்டிய வேலைக்கு, ஆறிய பசையில் பத்தில் ஒரு பங்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைக் கலக்கலாம். அது உலர்ந்தபின் எளிதில் கரையாது, ஆகவே கழற்றும் வேலை கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஒட்டும் நாள்

சுவரில் நேர் வெயில் படாத வேளையே உகந்தது. கிழக்கு நோக்கிய சுவரானால் பிற்பகல், மேற்கு நோக்கியதானால் காலை. உச்சி வெயிலில் சூடேறிய சுவரில் பூசிய பசை, தாளை எடுப்பதற்குள் உலர்ந்துவிடும். இருவராவது வேண்டும், ஏணியில் ஒருவர் நிற்கும்போது மற்றவர் ஏணியைப் பிடித்திருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கு அங்குல பிரஷ் இரண்டு, பசை வாளி, தண்ணீர் வாளி, பழந்துணி, கத்தி, தெருவின் தரையில் விரிக்கப் பழைய செய்தித்தாள் ஆகியவை போதும்.

சுவரிலுள்ள தூசியையும் சிலந்திவலையையும் துடைப்பத்தால் நன்கு தட்டிய பிறகு, சாக்பீஸால் ஒரு நேர்குத்துக் கோட்டையும் ஒரு படுக்கைக் கோட்டையும் இட்டுக்கொள்ளுங்கள். கண்மதிப்பில் ஒட்டிய முதல் தாள் அரை அங்குலம் சாய்ந்தால், நான்காவது தாளில் அது இரண்டு அங்குலமாகும். பிறகு தாளின் பின்பக்கத்தில் நீர்த்த பசையைப் பூசி, பசைப்பக்கம் உள்ளே இருக்கும்படி தளர்வாக மடித்து ஓரிரு நிமிடம் ஊறவிட வேண்டும். ஈரம் பட்ட தாள் விரியும் இயல்புடையது. ஊறாமல் ஒட்டினால் சுவரில் போன பிறகு விரிந்து சுருக்கம் விழும். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மடித்த தாள்களை ஈரத்தோடு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதன் பயன் இதுவே.

தாள் ஊறும் நேரத்தில், அது படப்போகும் பரப்பைவிட ஒரு அங்குலம் கூடுதலாகச் சுவரில் பசை பூசுங்கள். தாளின் மேல்விளிம்பை முதலில் கோட்டில் பொருத்தி, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கியும் மேலிருந்து கீழாகவும் பிரஷால் நீவி, காற்றையும் மிகுதிப் பசையையும் வெளியே தள்ள வேண்டும். கொப்புளம் அகலாவிட்டால் கத்திமுனையால் சிறு கீறல் போட்டு அழுத்தலாம். பல தாள்களாலான படத்தைக் கீழ்வரிசையிலிருந்து தொடங்குங்கள். மேல்வரிசையின் விளிம்பு கீழ்வரிசையின் மேலே ஏறியிருந்தால் மழைநீர் இணைப்புக்குள் புகாமல் வழிந்தோடும். எல்லாம் படிந்த பிறகு படத்தின் மேலும், விளிம்புக்கு வெளியே இரண்டு விரல் அகலமும் மெல்லிய பசைப்பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது படம் வெளிறித் தெரியும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம், உலர்ந்ததும் தெளிந்துவிடும். கிழிந்து தொங்கும் விளிம்பு ஒன்று இருந்தாலும் குழந்தையின் கை அதைப் பற்றி இழுக்கும், அடுத்த நாள் காலை ஒருமுறை போய் விளிம்புகளைத் திரும்ப ஒட்டுவது நல்ல வழக்கம்.

ஸ்டிக்கர்

ஸ்டிக்கருக்குச் சுவர் வேண்டாம், ஏணி வேண்டாம். நண்பரின் மடிக்கணினியும் தண்ணீர்ப் புட்டியும் தலைக்கவசமும் போதும். இதனால் அனுமதிக் கேள்வி எளிதாகிவிடுகிறது: ஸ்டிக்கரை வாங்கிக்கொள்கிறவரே எங்கே ஒட்டுவது என்று தீர்மானிக்கிறார். அமெரிக்கத் தெருக்கலைஞர்கள் அஞ்சலகத்தில் இலவசமாகக் கிடைத்த ‘லேபிள் 228’ முகவரிச் சீட்டுகளில் கையால் வரைந்து ஒட்டியே ஒரு தனி மரபை வளர்த்தார்கள். நாம் அலுவலகப் பொருள் கடையில் விற்கும் ஏ4 பசைத்தாளை வாங்கி, மார்க்கரால் வரைந்து, கத்தரித்துத் தொடங்கலாம். கையால் வரைந்த ஸ்டிக்கருக்கு உள்ள மதிப்பு அச்சிட்டதற்கு வராது என்பது என் கருத்து. ஆனால் 200 பேருக்குக் கொடுக்க அச்சுதான் வழி.

டிஜிட்டல் பிரிண்ட் கடைகளில் 12 × 18 அங்குலத் தாளே வழக்கமான கணக்கு. 2¾ அங்குலச் சதுர ஸ்டிக்கர்களைக் கால் அங்குல இடைவெளியில் அடுக்கினால் ஒரு தாளில் 24 வரும். கடையின் அச்சுப்பொறி விளிம்பை விட்டே அச்சிடுமானால் அளவை இன்னும் சற்றுக் குறைக்க வேண்டும். பின்னணி நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டிவிடுங்கள், வெட்டு சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது. படத்தின் நுணுக்கம் 300 டிபிஐ (ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள்) இருக்க வேண்டும். காகித ஸ்டிக்கர் மலிவு, ஆனால் ஒரு மழையில் ஊறிவிடும். நீரும் வெயிலும் படும் இடத்துக்கு வினைல் தாளில் அச்சிட்டு லேமினேஷன் போட்டு வாங்குங்கள். ஒரே நிற வடிவமானால் வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கட்டிங் இயந்திரத்தில் வெட்டித் தருவார்கள். மெல்லிய புள்ளியும் கோடும் உரிக்கும்போது கையோடு வந்துவிடும் என்பதால் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த எதையும் கோப்பில் வைக்காதீர்கள்.

மின்சாதனங்களில் வாரண்டி சீலாக ஒட்டப்படும், உரித்தால் பொடிப்பொடியாக உடையும் ஒருவகை வினைலைத் தெருக்கலைஞர்கள் சிலர் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். கழற்ற முடியாதது என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்படுகிறது. பிறர் பொருளில் ஒட்டப்படக்கூடிய ஒன்றுக்கு அது பெருமை ஆகாது. சாதாரண வினைலே போதும்.

பகிர்தல்

ஸ்டிக்கரைப் பகிர மிக மலிவான வழி இன்றும் அஞ்சல்தான். சாதாரணக் கடிதத்தில் அட்டைத் துண்டு ஒன்றோடு ஆறேழு ஸ்டிக்கர்களை மடங்காமல் அனுப்பலாம். பெறுகிறவர் தன்னுடையவற்றை அதே எண்ணிக்கையில் திருப்பி அனுப்புவது பரிமாற்றத்தின் எழுதாத ஒழுங்கு. முதன்முறை அனுப்புகிறவர் எதிர்பார்ப்பு எதுவும் வைக்காமல் இருப்பது நலம்.

சுவர் ஓவியத்தைப் பகிரும் முறை வேறு. ஜேஆர் 2011-இல் தொடங்கிய ‘இன்சைட் அவுட்’ திட்டத்தில் மக்கள் தங்கள் முகப்படங்களை அனுப்ப, அவை பெரிய கறுப்பு வெள்ளைச் சுவரொட்டிகளாக அச்சாகித் திரும்பி வந்தன. ஒட்டியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே. இதைச் சிறிய அளவில் யாரும் செய்யலாம். உங்கள் ஓவியத்தை ஏ4 தாள்களாகப் பிரித்த கறுப்பு வெள்ளைப் பிடிஎஃப் கோப்பாக்கி, எந்தத் தாள் எங்கே வரும் என்ற சிறு வரைபடத்தை முதல் பக்கத்தில் சேர்த்து, எந்த நிபந்தனையில் பிறர் அச்சிடலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். வணிகம் அல்லாத பயனுக்கு இலவசம், பெயர் குறிப்பிட வேண்டும், மாற்றம் செய்யக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ஆயத்தமாகவே இருக்கின்றன. வேறு ஊரில் ஒட்டுகிறவர் அங்குள்ள உரிமையாளரிடம் சம்மதம் பெற வேண்டும் என்ற வரியும் கோப்பில் இடம்பெற வேண்டும்.

ஒட்டிய அன்றே நேராகவும், தெரு முழுவதும் தெரியும்படி தொலைவிலிருந்தும் படம் எடுத்துவையுங்கள். பிறகு மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுத்தால் தாள் எப்படி வெளுத்தது, எது முதலில் பெயர்ந்தது என்பது தெரியும். அடுத்த வேலைக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. படத்தை வெளியிடும்போது கடந்து போகிறவர்களின் முகமும் வண்டி எண்ணும் வீட்டு எண்ணும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றுதல்

கடிதத்தில் குறித்த நாளில், அல்லது அதற்கு முன்பே தாள் கந்தலாகிவிட்டால் அப்போதே, கழற்றிவிட வேண்டும். வெறும் மாவுப் பசையானால் வெந்நீரைப் பஞ்சால் ஒற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, மீண்டும் ஒற்றி, பிளாஸ்டிக் சுரண்டியால் கீழிருந்து மேலாகத் தள்ளினால் பெரும்பகுதி ஒரே பாளமாக வரும். இரும்புச் சுரண்டி பெயிண்டைப் பெயர்க்கும். ஃபெவிகால் கலந்திருந்தால் இரண்டு மூன்று முறை ஊறவைக்க நேரும், அப்போதும் சுவரில் சாயல் தங்கினால் அந்த இடத்துக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பது ஒட்டியவரின் கடமை. அதற்காகவே தொடக்கத்தில் சுவரின் பெயிண்ட் நிறத்தையும் கம்பெனி எண்ணையும் உரிமையாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

வினைல் ஸ்டிக்கரை முடி உலர்த்தியின் வெப்பத்தில் இளக்கி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக மடக்கி உரிக்க வேண்டும். பிசுக்கு மிஞ்சினால் தேங்காய் எண்ணெயை அரைமணி நேரம் தடவிவைத்துத் துடைக்கலாம், நீலகிரித் தைலம் இன்னும் விரைவாக வேலை செய்யும். பெயிண்ட் பூசிய பரப்பில் மண்ணெண்ணெயும் தின்னரும் கூடாது. சுரண்டிய தாள்கூழைக் கால்வாயில் தள்ளாமல் சாக்கில் அள்ளுங்கள். வெறும் மைதா பசையும் கறுப்பு வெள்ளை அச்சும் மட்டுமானால் அது எருக்குழியில் மட்கிவிடும், லேமினேஷனும் வினைலும் கலந்ததை மக்காத குப்பையாகத் தனியே கொடுக்க வேண்டும்.